குன்றின் மேல் பெரிய உயிரியல் பூங்கா: குடும்பத்தோடு ஒரு நாள் போய்வர முழுமையான வழிகாட்டி

சமதளத்தில் இருக்கும் உயிரியல் பூங்காவுக்குப் போகப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். வாசலில் ஆரம்பித்து ஒரு சுற்று வந்தால் மறுபடி வாசலுக்கே வந்து சேர்ந்துவிடலாம். குன்றும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கும் பூங்காவில் அந்தக் கணக்கு எடுபடாது. அங்கே ஆளைச் சாய்ப்பது தூரம் அல்ல, ஏற்றம். புலியை முதலில் பார்ப்பதா, ஒட்டகச்சிவிங்கியை முதலில் பார்ப்பதா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். எந்த ஏற்றத்தை எப்போது ஏறுவது, யார் நடப்பது, யார் வண்டியில் வருவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் அதை ஒட்டித் தானாக அமைந்துவிடும்.

1. வாசல் மேலேயா, கீழேயா?

டிக்கெட் எடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இது.

ஸ்காட்லாந்தில் 1913-ல் திறந்த எடின்பரோ உயிரியல் பூங்கா, கார்ஸ்டார்ஃபின் குன்றின் சரிவில் இருக்கிறது. வாசல் அடிவாரத்துச் சாலையோரம் என்பதால் உள்ளே காலை வைத்ததிலிருந்து ஏற்றம்தான். அமெரிக்காவின் சான் டியேகோ பூங்கா இதற்கு நேர் எதிர். சுமார் 100 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் வாசல் மேட்டு நிலத்தில் இருக்கிறது. பல விலங்குகளைப் பார்க்கப் பள்ளத்தாக்குகளுக்குள் இறங்க வேண்டும்.

பார்த்தால் கீழ்வாசல்தான் கஷ்டம் என்று தோன்றும். உண்மையில் அதுதான் வசதி. காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போதே மேலே போய்விடுகிறோம். அதன் பிறகு நாள் முழுக்க இறக்கம். சாயங்காலம் குழந்தை தோளில் தூங்கிப்போனாலும் வழி வாசலை நோக்கித்தான் இறங்கும்.

மேல்வாசல்தான் ஏமாற்றும். காலையில் குழந்தைகள் குதித்துக்கொண்டு ஓடுவார்கள், பெரியவர்களுக்கும் நடப்பதே தெரியாது. சாப்பிட்டு முடித்து, வெயில் ஏறி, பாதிப் பேர் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இறங்கிய அத்தனையையும் திரும்ப ஏற வேண்டும் என்று உறைக்கும். இப்படிப்பட்ட பூங்காவில் ஒரே மூச்சாக அடிப்பள்ளம் வரை போகக்கூடாது. ஒரு பள்ளத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன் மேலே வந்துவிடுங்கள். அடுத்த பள்ளம் சாப்பாட்டுக்குப் பிறகு. இல்லையென்றால் திரும்பி ஏறுவதற்கு மட்டும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சான் டியேகோவில் பேருந்துச் சுற்றும், 1969 முதல் ஓடும் வான்வழிக் கேபிள் காரும் இருப்பதற்கு அந்த நில அமைப்பே காரணம்.

மேலும் கீழும் இரண்டு வாசல் இருந்தால் அதிர்ஷ்டம். சிட்னியின் டாரோங்கா பூங்கா 1916-ல் துறைமுகத்தைப் பார்த்த சரிவில் திறக்கப்பட்டது. கீழே படகுத்துறை, மேலே முக்கிய வாசல். படகில் வந்து, மேல்வாசலுக்குப் பேருந்தில் ஏறி, நடந்து இறங்கிப் படகுத்துறைக்கே வந்து சேரலாம். இப்படித் திட்டமிடும்போது இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ளுங்கள்: அன்றைக்கு இரண்டு வாசலும் திறந்திருக்கிறதா, உங்கள் கார் எந்த வாசலில் நிற்கப்போகிறது. மேலே காரை விட்டுவிட்டுக் கீழே வெளியேறினால் மிச்ச நாள் அதிலேயே போய்விடும்.

ஏற்றத்தைப் பொதுப் போக்குவரத்தே பார்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. ஆல்ப்ஸ் மலை விலங்குகளுக்கென்றே 1962-ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் தொடங்கிய ஆல்பன்ஸூவுக்கு, நகரத்திலிருந்து கிளம்பும் மலை ரயிலில் தனி நிறுத்தமே இருக்கிறது. நீங்கள் போகும் பூங்காவுக்கு அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கார் நிறுத்த இடம் தேடும் தொல்லையும் அதோடு ஒழியும்.

2. வரைபடம் சொல்லாததைக் கண்டுபிடியுங்கள்

பூங்காவில் கொடுக்கும் வண்ண வரைபடம் அழகாக இருக்கும், உயரத்தை மட்டும் சொல்லாது. படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கரடியும் பெங்குவினும் நிஜத்தில் முப்பது மீட்டர் உயர வித்தியாசத்தில் இருக்கலாம். பத்து மாடிக் கட்டடம் ஏறுவதற்குச் சமம் அது.

பூங்காவின் இணையதளத்திலிருந்து வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, போனில் உள்ள வரைபடச் செயலியில் நில அமைப்பைக் காட்டும் தோற்றத்தையும் திறந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். உயரக்கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடமெல்லாம் செங்குத்து. பேனாவால் நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: படிக்கட்டு மட்டுமே உள்ள பாதைகள், லிஃப்ட் அல்லது வண்டி நிற்கும் இடங்கள், கழிப்பறைகள், நிழலில் உட்காரக்கூடிய இடங்கள்.

நேரக் கணக்குக்கு மலையேறுபவர்களிடம் ஒரு பழைய விதி இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்னது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடை; அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். நான்கு கிலோமீட்டர் நடையும் மொத்தம் 120 மீட்டர் ஏற்றமும் உள்ள பூங்கா என்றால் 48 நிமிடம், கூடவே 12 நிமிடம். ஆக ஒரு மணி நேரம். ஆனால் இது திடகாத்திரமான பெரியவர் எங்கேயும் நிற்காமல் நடக்கும் கணக்கு. ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் கூட வந்தால் நான் அதை இரண்டரை மடங்காகவே வைத்துக்கொள்வேன். விலங்குகளைப் பார்க்க நிற்கும் நேரம் அதற்கு மேல்தான். இப்படிப் போட்டுப் பார்த்தாலே ஒரு நாளில் முழுப் பூங்காவையும் பார்க்க முடியுமா என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் முடியாது. அதை வீட்டிலேயே ஏற்றுக்கொண்டுவிட்டால் அங்கே போய் ஓட வேண்டியதில்லை.

3. யார் யார் வருகிறார்கள்?

குழந்தைத் தள்ளுவண்டி வருமானால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். வண்டியும் குழந்தையும் பையுமாக 25 கிலோ என்று வையுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் பாதையில், ஏறுகிற நேரம் முழுக்கச் சுமார் இரண்டரை கிலோ விசையில் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் சமாளிக்கலாம். ஆளோடு சேர்த்து 90 கிலோ வரும் சக்கர நாற்காலியில் அதுவே ஒன்பது கிலோ. அதை அரைமணி நேரம் தள்ளுவது ஒருவரால் ஆகிற காரியம் இல்லை. சக்கர நாற்காலிக்கான சாய்வுதளங்களை வழக்கமாகப் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவுக்கு மிகாமல்தான் கட்டுவார்கள். பழைய பூங்காக்களின் குன்றுப் பாதைகள் இதற்குக் கட்டுப்பட்டிருக்கும் என்று நம்பி இறங்கிவிடாதீர்கள். போன் செய்து, "படி இல்லாத பாதை எது, அதில் மிகச் செங்குத்தான இடம் எது" என்று கேட்டுவிடுவது நல்லது. பேட்டரி கார் இருந்தால் அதில் சக்கர நாற்காலியை ஏற்ற முடியுமா என்றும் கேளுங்கள். "வண்டி உண்டு" என்பதும் "நாற்காலியோடு ஏறலாம்" என்பதும் வேறு வேறு.

செங்குத்தான இறக்கத்தில் சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, தள்ளுகிறவர் முதலில் பின்னோக்கி இறங்க வேண்டும். முன்பக்கமாக இறக்கினால் உட்கார்ந்திருப்பவர் சரிந்துவிடலாம். தள்ளுவண்டியின் கைப்பிடியில் பைகளைத் தொங்கவிடாதீர்கள். ஏற்றத்திலோ, குழந்தையைத் தூக்கும்போதோ வண்டி அப்படியே பின்னால் சாயும். கைப்பிடியோடு உங்கள் மணிக்கட்டைக் கட்டிக்கொள்ளும் பட்டை இருந்தால் இறக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தும்போது பிரேக் போட்டு, வண்டியைச் சரிவுக்குக் குறுக்காக நிறுத்துங்கள். பாதையில் படிகள் அதிகம் என்றால், தள்ளுவண்டியை விட்டுவிட்டுக் குழந்தையை உடலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் கேரியர்தான் மேல்.

வயதானவர்கள் விஷயத்தில் பலரும் தலைகீழாக யோசிக்கிறார்கள். ஏற வண்டியில் அனுப்பிவிட்டு, இறங்க "மெதுவாக நடந்து வாங்க" என்று சொல்வார்கள். மூச்சு வாங்குகிறவருக்கு ஏற்றம் கஷ்டம், சரி. ஆனால் முழங்கால் வலி உள்ளவருக்கு இறக்கம்தான் அதைவிடக் கஷ்டம். ஒவ்வொரு அடியிலும் உடல் எடை முழங்காலில் இறங்குகிறது. தாத்தாவுக்கு எது பிரச்சினை என்று கேட்டுவிட்டு, வண்டியை எந்தப் பக்கத்துக்கு வைப்பது என்று முடிவு செய்யுங்கள். இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

4. நாள், நேரம், வானிலை

பல பூங்காக்களுக்கு வார விடுமுறை உண்டு. பனிச்சிறுத்தைக்கும் சிவப்புப் பாண்டாவுக்கும் பேர் பெற்ற டார்ஜிலிங் பத்மஜா நாயுடு பூங்கா வியாழக்கிழமைகளில் மூடியிருக்கும். மலை ஏறிப் போய் மூடிய கதவைப் பார்ப்பதைவிட, முந்தின நாள் இணையதளத்தைப் பார்ப்பது சுலபம். எந்தப் பகுதி பராமரிப்புக்காக மூடியிருக்கிறது, கேபிள் கார் ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பலத்த காற்றில் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அதை நம்பி மட்டும் திட்டம் போடக்கூடாது.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காற்று சுகமாக இருக்கும், ஆனால் நிழலான சரிவுப் பாதைகளில் பாசி வழுக்கும். டார்ஜிலிங் பூங்கா போல 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் இடங்களில் குளிர்ச்சியை நம்பி ஏமாறக்கூடாது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் 10 முதல் 12 சதவீதம் கூடும். வெயில் சுடாது, தோல் மட்டும் கருகும். சமவெளியிலிருந்து அன்றைக்கே போய் இறங்கியவர்களுக்கு முதல் ஏற்றத்திலேயே மூச்சு வாங்குவதும் சகஜம்.

திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். கூட்டம் குறைவு, வெயில் குறைவு, வண்டிக்கு வரிசை இருக்காது. எல்லாவற்றையும்விட, விலங்குகள் விழித்திருக்கும்.

5. எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு விலங்கு

முந்தின நாள் இரவே வீட்டில் ஒவ்வொருவரையும் ஒரே ஒரு விலங்கைச் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் பாதை. வழியில் வருகிற மற்றவை எல்லாம் லாபம். கடைக்குட்டி கீழ்க்கோடியில் இருக்கும் முதலையையும், அண்ணன்காரன் உச்சியில் இருக்கும் கழுகையும் கேட்டால் பேரம் பேச வேண்டியிருக்கும். அதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. கூண்டு முன்னால் நின்று பேசினால் அழுகைதான்.

வரிசையைத் தீர்மானிக்க விலங்குகளின் பழக்கம் உதவும். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம்கூடப் படுத்தே கிடக்கும். புலி, சிறுத்தை போன்றவற்றைக் காலையிலோ சாயங்காலத்திலோ பார்த்தால்தான் நடமாட்டம் தெரியும். சிவப்புப் பாண்டாவும் அப்படியே. கிப்பன் குரங்குகள் காலையில் பாடும். அந்தக் கூவல் பூங்கா முழுக்கக் கேட்கும், சத்தம் வரும் திசையிலேயே நடந்து போகலாம். ஊர்வன நேர் மாறானவை; உடல் சூடேறிய பிறகுதான் அசையும். அவற்றின் கட்டடம் பெரும்பாலும் கூரையோடு இருப்பதால் நடுப்பகல் வெயிலுக்கும் அதுவே புகலிடம். இரவு விலங்குகளுக்கான கூடத்தில் பகலை இருட்டாக்கி வைத்திருப்பார்கள், ஆகவே அதையும் மதியத்துக்கு ஒதுக்கலாம். யானை நாளின் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கும். எப்போது போனாலும் ஏதாவது செய்துகொண்டிருக்கும். கோலாவுக்கு எந்த நேரமும் தூக்க நேரம்தான், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

உணவு கொடுக்கும் நேரத்தையும் பராமரிப்பாளர்கள் பேசும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லாவற்றுக்கும் ஓடாதீர்கள். குன்றில் ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்ததற்குப் பத்து நிமிடம் என்று வரைபடம் சொன்னால் அது இருபது நிமிடம். ஒன்றிரண்டு போதும். நிகழ்ச்சி நடக்காமலும் போகலாம், விலங்குக்கு இஷ்டம் இருந்தால்தான் நடக்கும். எடின்பரோவின் புகழ்பெற்ற பெங்குவின் ஊர்வலமே 1951-ல் ஒரு பராமரிப்பாளர் கதவைத் திறந்துவைத்துவிட, பெங்குவின்கள் அவர் பின்னாலேயே நடந்து வந்ததில் ஆரம்பித்ததுதான்.

6. பையிலும் காலிலும்

பை எவ்வளவு கனமோ அவ்வளவு ஏற்றம் கூடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நான்கு பேருக்கும் நாள் முழுக்க வேண்டியதைச் சுமக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு பாட்டில், குழாய் இருக்கும் இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம். நிறையப் பூங்காக்களில் பிளாஸ்டிக் பைகளையும், சிலவற்றில் வெளியிலிருந்து கொண்டுவரும் உணவையும் அனுமதிப்பதில்லை. முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். உணவு கொண்டுபோகலாம் என்றால், தட்டும் கரண்டியும் இல்லாமல் கையில் பிடித்துச் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும். தொப்பி, மெல்லிய மழைச்சட்டை, பிளாஸ்டர், வழக்கமான மருந்துகள், போனுக்குப் பவர்பேங்க், சின்னவனுக்கு ஒரு மாற்றுத் துணி. அவ்வளவுதான்.

சிறிய பைனாகுலர் ஒன்று இருந்தால் எடுத்துப் போங்கள். சரிவில் அமைந்த அடைப்புகளில் விலங்கு தூரத்துப் புதரடியில் படுத்திருக்கும், மேலிருந்து பார்க்கும்போது இது மிக உதவும். குழந்தைகளை ஓரிடத்தில் நிறுத்தி வைக்கவும் இதைவிட நல்ல கருவி இல்லை.

புதுச் செருப்பு, புது ஷூ இரண்டும் வேண்டாம். அடிப்பாகம் வழுக்காத, பழகிய ஷூ. இறக்கத்தில் கால் முன்னால் சறுக்கி விரல்நுனி இடிக்கும், ஆகவே முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறங்கத் தொடங்கும் முன் கணுக்கால் பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். முந்தின நாளே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். சின்ன விஷயம், ஆனால் அன்று சாயங்காலம் யார் நொண்டுகிறார்கள் என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

7. அன்றைய நாள்

ஒன்பது மணிக்குத் திறந்து ஐந்துக்கு மூடும் கீழ்வாசல் பூங்கா ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

உள்ளே போனதும் முதலில் கழிப்பறை, அடுத்து நேராக வண்டி நிற்கும் இடம். வாசலருகே இருக்கும் பறவைகளிடம் நிற்க வேண்டாம், திரும்பும்போது அவை அங்கேயேதான் இருக்கும். கூட்டம் முழுக்க அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் உச்சிக்குப் போய்விடலாம். ஒன்பதரைக்கு உச்சியில் இறங்கினால் புலிகளின் நல்ல நேரம் உங்களுடையது. பதினொன்றரைக்குள் மேல் பாதியை முடித்துக்கொண்டு, கூட்டம் சேரும் முன்பே சாப்பிட்டுவிடுங்கள். பன்னிரண்டரைக்கு உணவு வரிசை நீளும்போது நீங்கள் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பீர்கள். அந்த ஒரு மணி நேர ஓய்வில் கை வைக்காதீர்கள், குழந்தை எவ்வளவு உற்சாகமாக இருந்தாலும் சரி. பிறகு ஊர்வன, இரவுக் கூடம் என்று கூரைக்குள் இருப்பவை. மூன்று மணிக்கு மேல் கீழ்ப் பாதி.

நடக்கும்போது வளைந்து வளைந்து போகும் பாதை, நேராக இறங்கும் படிக்கட்டு இரண்டும் இருந்தால், நீளமாக இருந்தாலும் வளைவுப் பாதையில் போங்கள். ஏற்றத்தில் வேகம் சின்னக் குழந்தையுடையது. பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். யாருக்காவது தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று இழுக்காமல் உடனே நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். குணமாகாவிட்டால் அருகில் இருக்கும் ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

குன்றுப் பூங்காவின் தனிச் சலுகை ஒன்று உண்டு. ஒரே அடைப்பை மேல் பாதையிலிருந்தும் கீழ்ப் பாதையிலிருந்தும் பார்க்கலாம். மேலே நின்றால் ஒட்டகச்சிவிங்கியின் முகம் உங்கள் முகத்துக்கு நேராக இருக்கும். கீழே எதுவும் தெரியவில்லை என்று அலுத்துக்கொள்ளும் முன், மேலே ஒரு பார்வையிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த விலங்கின் முன் கால்மணி நேரமாவது உட்காருங்கள். இரண்டு நிமிடத்தில் "தூங்குது" என்று கிளம்புகிறவர்களுக்கு அது எழுந்து சோம்பல் முறிப்பதைப் பார்க்கும் பாக்கியம் இல்லை. கண்ணாடியைத் தட்டாதீர்கள். படம் எடுக்க, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து ஃபிளாஷை அணைத்துவிட்டால் பிரதிபலிப்பு விழாது. குழந்தையைத் தடுப்பின் மேல் உட்காரவைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது.

8. குழந்தை தொலைந்தால்

வாசலிலேயே குழந்தையை அன்றைய உடையோடு போனில் ஒரு படம் எடுங்கள். உங்கள் எண்ணைக் கையில் பட்டையாகக் கட்டுங்கள், அல்லது பேனாவால் எழுதுங்கள். காணாமல் போனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை போட்ட ஊழியரிடம் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள். குன்றில் இது இன்னும் முக்கியம். கீழ்ப் பாதையில் அம்மா நிற்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அங்கே போகும் வழி வேறு திசையில் சுற்றிக்கொண்டு போகும். தேடிக் கிளம்பிய குழந்தை மேலும் தூரம் போய்விடும். பெரிய பிள்ளைகளுக்குச் சந்திப்பிடம் சொல்லும்போது "யானை பக்கம்" என்று சொல்லாதீர்கள், யானைக்கு மேலே ஒரு பக்கம், கீழே ஒரு பக்கம் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட கடை, சிலை, நிறுத்தம் என்று சொல்லுங்கள். பள்ளங்களில் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும் என்பதால் சந்திக்கும் நேரமும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

9. கிளம்பும் நேரம்

பூங்கா ஐந்துக்கு மூடுகிறது என்றால் விலங்குகளை அதற்கு முன்பே இரவுக் கூண்டுகளுக்கு அழைத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்கள். உள்வண்டிகளும் சீக்கிரமே நின்றுவிடலாம். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே ஓட்டுநரிடம் கேட்டு, போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். மேல்வாசல் பூங்காவில் அந்த வண்டியைத் தவறவிட்டால், தூங்கும் குழந்தையைச் சுமந்துகொண்டு முழுக் குன்றையும் ஏற வேண்டும். கடைசி வண்டிக்குக் கூட்டம் அலைமோதும், ஆகவே அதற்கு முந்தைய வண்டிதான் உங்கள் வண்டி.

பரிசுக் கடையைக் கடைசியில் வையுங்கள். காலையில் வாங்கிய பெரிய பொம்மைப் பாண்டாவை நாள் முழுக்கச் சுமப்பது நீங்கள்தான். கிளம்பும் முன் கெண்டைக்காலையும் தொடையையும் ஒரு நிமிடம் நீட்டி மடக்குங்கள். இறக்கத்தில் நடந்த தொடை வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் அதிகம். இரண்டு நாள் பயணமாகப் போயிருந்தால், அடுத்த நாளுக்குக் கோட்டை, அருவி என்று இன்னொரு ஏற்றத்தை வைத்துக்கொள்ளாமல் சமதளத்தில் ஏதாவது பாருங்கள்.